பாதிக் குழாய்

அர்ச்சுனனைக் கொன்றது நான். அரசாங்க அறிக்கையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "விடுய்யா, நீ இன்னா பண்ணுவ" என்று ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் நசருல்லா. சொந்த ஊர் வாணியம்பாடி. எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, மச்சான் எல்லாருக்கும் தோல்தான் தொழில். அந்த நாற்றத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் கணக்குப் படித்தேன், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். 1981-இல் வேலையும் கிடைத்தது. எங்கே என்று கேளுங்கள். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கு மேலே, ஒரு தகரக் கொட்டகையில்! கம்ப்யூட்டர் மெட்ராசில் இருந்தது. நான் மலையில் இருந்தேன். கொட்டகையில் நாங்கள் செய்கிற வேலை இடி மாதிரிச் சத்தம் போடும் என்பதால் கீழே எந்த ஊரிலும் எங்களை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

வேலை இதுதான். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதற்குள் ஓர் அலுமினியக் குழாயை நுழைத்து வைப்போம். பெரிய பெரிய மின்தேக்கிகளில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே அடியாக அந்தச் சுருளில் விடுவோம். சுடுவது, வெடி வைப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சுருளில் பாயும் மின்சாரம் குழாயிலும் ஒரு மின்சாரத்தைக் கிளப்பிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சுருளை இரும்புப் பட்டை போட்டு, நட்டு முடுக்கி இறுக்கியிருப்போம், அது அசையாது. குழாய்தான் உள்பக்கமாக நசுங்கும். நெருப்பு கிடையாது, சுத்தியல் கிடையாது, இமைப்பதற்குள் குழாயின் இடுப்பு சிறுத்து உள்ளே வைத்திருக்கும் இரும்புத் தண்டைக் கவ்விக்கொள்ளும்.

எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதில்தான் தலைவலி. குறைந்தால் பிடிப்பு இருக்காது, கூடினால் குழாய் கிழியும், அதற்கும் மேலே போனால் சுருளே தெறிக்கும். நான் வருவதற்கு முன்னால் குத்துமதிப்பாக விட்டு விட்டு இருபது முப்பது குழாய்களைக் குப்பையில் போட்டிருந்தார்கள். சுடுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஒரு குழாயை நசுக்கிப் பார்த்து, இவ்வளவு போதும் என்று சொல்வதற்குத்தான் என்னை வைத்தார்கள். ஒரு நொடியைப் பல லட்சம் துணுக்காக நறுக்கி, ஒவ்வொரு துணுக்கிலும் தள்ளுகிற விசை எவ்வளவு, குழாய் எவ்வளவு நகர்ந்தது, நகர்ந்ததால் விசை எவ்வளவு குறைந்தது என்று என் புரோகிராம் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, புரோகிராமை வரிக்கு ஒன்றாகத் துளையிட்ட அட்டைகளை மச்சான் கடைச் செருப்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மெட்ராஸ் போவேன். முடிவை நீளமான காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு வருவேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி கொஞ்சம். முழுக் குழாயும் அதற்குள் அடங்காது. குழாயின் வலது பாதியும் இடது பாதியும் ஒரே மாதிரி நசுங்கும் என்பதால் பாதிக் குழாயை மட்டும் கணக்குப் போடுவோம். ஆகவே காகிதத்தில் வருகிற அளவும் பாதிக் குழாய்க்கான அளவு. அதை இரண்டால் பெருக்கினால்தான் நிஜக் குழாய்க்கு ஆகும்.

பெருக்குவது எங்கள் தலைவர் பஞ்சாட்சரத்தின் வேலை. அதை அவர் ஒரு சடங்காகவே செய்வார். காதில் செருகிய பென்சிலை எடுத்து, எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் இரண்டால் பெருக்கி எழுதி, கையெழுத்தும் போடுவார். அப்புறம் என்னைப் பார்ப்பார்.

"இன்னாய்யா நசருல்லா, உன் மெசினு ரெண்டாம் வாய்ப்பாட்டுக்குப் பள்ளிக்கூடமே போகலியா?"

கொட்டகையே சிரிக்கும். முதல் தடவை நானும் சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் இதே கேலி, இரண்டு வருஷம்! அவர் நல்ல மனுஷர், வாய் மட்டும்தான். ஆனால் எனக்கு மண்டைக்கனம் அதிகம். அந்தப் பென்சிலைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரியும்.

சிரிக்காத ஒரே ஆள் அர்ச்சுனன். நெல்லிவாசல் பக்கத்து மலைக்காரன், முப்பத்திரண்டு வயது. மூட்டை தூக்குகிற வேலைக்கு வந்தவன், ஒரே வருஷத்தில் சுருள் சுற்றவும், பட்டை முடுக்கவும், மின்தேக்கிகளில் மின்சாரம் ஏற்றவும் கற்றுக்கொண்டான். என் காகிதத்தில் குழாயின் வடிவம் நட்சத்திரக் குறிகளால் அச்சாகியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் அந்த நட்சத்திர வரிசை இடுப்பு சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அர்ச்சுனன் சூடு ஆறாத குழாயை எடுத்து வந்து, வெர்னியர் வைத்து அளந்து, கடைசிப் பக்கத்தின்மேல் வைத்துப் பார்ப்பான்.

ஒருநாள் என்னிடம் வந்து, "சார், கோச்சுக்காதீங்க. மூணாவது நட்சத்திரத்தாண்ட குழாயி ஒரு மயிரிழ தள்ளி நிக்குது. நாலு குழாயும் அப்டிதான் நிக்குது" என்றான்.

எனக்கு முதலில் சுர்ரென்று வந்தது. இவன் யார் எனக்குச் சொல்ல? போய்ப் பார்த்தால் அலுமினியத்தின் உறுதிக்கு நான் கொடுத்திருந்த எண் தப்பு. திருத்தினேன். அன்றிலிருந்து அவன் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு என் கணக்கின்மேல் நம்பிக்கை வரும். அவனுக்கோ என் கணக்கின்மேல் அதைவிட நம்பிக்கை. ஊர்த் திருவிழாவுக்குக் குடிப்பான், இல்லையென்று சொல்லமாட்டேன். வெடி வைக்கிற நாளில் மட்டும் வாடையே இருக்காது.

1983 ஏப்ரலில் தடித்த குழாய் ஒன்றுக்குக் கணக்குக் கேட்டார்கள். அதுவரை சுட்டதெல்லாம் மெல்லிசு. மெட்ராஸ் போனேன். பாதிக் குழாய்க்கு மூன்றரை கிலோஜூல் என்று வந்தது. காகிதத்தைக் கிழித்துச் சுருட்டும்போதே அந்தப் பென்சிலும் அந்தச் சிரிப்பும் கண்முன்னால் வந்துவிட்டன. என்ன எழவோ, அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் ஒரே ஓர் அட்டை சேர்த்தேன். விடையை இரண்டால் பெருக்கிவிட்டு அச்சடி, அவ்வளவுதான். திரும்ப ஓட்டினேன். ஏழு என்று வந்தது.

பெருக்கியாயிற்று என்று காகிதத்தில் எங்கேயும் நான் ஒரு வரி எழுதவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். பஞ்சாட்சரம் சார் எல்லார் முன்னாலும் பென்சிலை எடுத்துப் பெருக்கட்டும், அப்போது, "சார், மெசினு வாய்ப்பாடு படிச்சிட்டு வந்துடுச்சி, நீங்கதான் தப்பு" என்று சொல்லி, அந்தச் சிரிப்பை அவர் பக்கம் திருப்பிவிடவேண்டும். அதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஒரு மனுஷன் செத்ததற்குக் காரணம் இவ்வளவு அற்பமாக இருக்கலாமா என்று இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாணியம்பாடியில் இறங்கினால் வீட்டில் ஒரே அமளி. என் தங்கை ஷம்ஷாத்துக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை ஃபரூக்குக்குத் துபாய் விசா வந்துவிட்டது. அவன் கிளம்புவதற்குள் புதன்கிழமையே நிக்காஹ் என்று முடிவு செய்திருந்தார்கள். திங்கட்கிழமை எங்கள் ஜீப் டிரைவர் குப்பன் டீசல் வாங்க வந்தவன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பெரியவரு கணக்க வாங்கியாரச் சொன்னாரு சார்."

காகிதச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். ஜீப் முக்குத் திரும்புகிறபோது, பெருக்கியதைச் சொல்லி அனுப்பவில்லையே என்று எனக்கு ஞாபகம் வந்தது. கையைத் தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். குப்பனுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் நான் இல்லாமல் அவர்கள் ஒருநாளும் சுட்டதில்லை. வியாழக்கிழமை மேலே போய் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கு வந்துவிட்டார். வெடியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். நடந்ததைக் குப்பன்தான் எனக்குச் சொன்னான். அவன் அப்போது கொட்டகைக்குள்ளே நின்றிருந்தான்.

பஞ்சாட்சரம் சார் ஏழு என்பதை இரண்டால் பெருக்கிப் பதினாலு என்று எழுதினார். அர்ச்சுனன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்திருக்கிறான்.

"சார், இத்தினி நாள்ல நாம ஆறத் தாண்டுனதே இல்லீங்களே."

"குழாயி தடிச்சது இல்லியாப்பா."

"நசரு சாரு போட்டதுதானுங்களே?"

"அவன்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் போய் மின்சாரத்தை ஏற்றியிருக்கிறான்.

மற்றவர்கள் எல்லாரும் மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். அளவு காட்டுகிற முள்ளைப் பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு சந்து விட்டிருந்தோம். அந்தச் சந்தில் கண் வைப்பது அர்ச்சுனனின் வேலை. பட்டை அறுந்து, சுருள் தெறித்து, ஒரு செம்புத் துண்டு அந்தச் சந்து வழியாகவே வந்தது. ஜீப் திருப்பத்தூர் ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் அவன் உயிர் போய்விட்டது.

குப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபோது பந்தியில் இரண்டாம் வரிசை உட்கார்ந்திருந்தது. அவன் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் ஆளை மறைத்து வீட்டுப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பதினாலு என்று அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. யா அல்லா என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவன் நான் துக்கத்தில் சாய்வதாக நினைத்து என்னைத் தாங்கிக்கொண்டான்.

மறுநாள் மேலே போனேன். பஞ்சாட்சரம் சார் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். காகிதம் அவர் முன்னால் விரித்துக் கிடந்தது. ஒரே ராத்திரியில் அந்த மனுஷர் கன்னம் ஒட்டிப்போயிருந்தார்.

"எங்கய்யா தப்பு? வுடிய வுடியப் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல. உன் கணக்குல எதுனா…?"

அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அர்ச்சுனன் திரும்பி வந்திருக்க மாட்டான். மற்றதெல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"கணக்கு சரிதான் சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை பாருங்கள்! கணக்கு சரிதானே. என் அறைக்குப் போய்ச் செருப்புப் பெட்டியைத் திறந்து அந்த ஓர் அட்டையை மட்டும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். புரோகிராம் சரிதானா என்று கேட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். தலைவர் வழக்கம்போல இரண்டால் பெருக்கினார், அதுவும் சரி. அப்படியானால் பட்டையின் நட்டுதான் சரியாக முடுக்கப்படவில்லை. முடுக்கியது யார்? அர்ச்சுனன். போன வாரம் மலையில் திருவிழாவாமே? அவர்களில் ஒருவர், "மலைக்காரன்தானே, ஊத்திக்கினு வந்திருப்பான்" என்றார். தொட்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகிறவன் நான். அன்றைக்கு என் வாயைத் தைத்து வைத்த மாதிரி நின்றேன். தொழிலாளியின் கவனக்குறைவு, குடிபோதை என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆதாரம் என்ன என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் மூன்று வாரம். சோறு இறங்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போனால் நெற்றி தரையில் படும்போது அந்த மணல் மூட்டைச் சுவரின் சந்துதான் தெரிந்தது. ஒருநாள் தாங்கமாட்டாமல் நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதினேன். அட்டையையும் அதோடு சேர்த்துக் குத்தினேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அவன் மனைவியிடம் நேரில் சொல்லிவிடவேண்டும், அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளவேண்டும் என்று நெல்லிவாசலுக்குக் கிளம்பினேன். பஸ் அன்றைக்கு வரவில்லை. மூன்று மணி நேரம் நடந்தேன்.

பச்சையம்மா வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். நான் அவளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். சின்னப் பெண் புளியங்கொட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பெரியவள் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவந்தாள். என்னைக் கண்டதும் பச்சையம்மா உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நசரு சாரா? வெய்யில்ல நடந்தா வர்றீங்க? தண்ணி கொண்டாறேன், குந்துங்க."

"தண்ணி வேணாம்மா. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போய்ட்றேன்."

உட்காராமலே சொன்னேன். "அர்ச்சுனன் குடிக்கல. நட்டும் சரியாத்தான் முடுக்கியிருந்தான். அவன்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

பாதிக் குழாய், இரண்டால் பெருக்குவது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் உளறினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உலையில நீங்க உப்பு போட்டீங்க. அது தெரியாம பெரியவரும் போட்டாரு. அப்டிதானே?"

"ஆமா."

"போட்டேன்னு நீங்க சொல்லல."

"சொல்லல. வேணும்னே சொல்லலம்மா. அவரக் கேலி பண்றதுக்காக."

அவள் அழவில்லை. தன் இடது கையைத் திருப்பிக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆபீசுக்காரங்க ஒரு காயிதம் எடுத்தாந்தாங்க சார். அவுரு அன்னிக்கு குடிச்சிருந்தாருன்னு நான் ரேக வெச்சா கேசு சீக்கிரம் முடியுமாம், எனக்கு உங்க கொட்டாயிலயே கூட்டுற வேல குடுப்பாங்களாம். இல்லன்னா வருசக் கணக்கா இழுக்குமாம்."

ஆதாரம் என்ன என்று நான் கேட்காமல் விட்டேனே, இதுதான் அந்த ஆதாரம்.

"வெச்சேன்" என்றாள். "முந்தின நாளு எங்களுக்குள்ள சண்ட. காலைல மொகங்குடுத்துப் பேசாம எழுந்து போய்ட்டாரு. கோவத்துல போற வழியில குடிச்சிருப்பாரோன்னு எனக்கே சந்தேகமா இருந்திச்சி. ஊரெல்லாம் காறித் துப்புறாங்க சார், புருசன் பொணத்து மேலயே பழி போட்டவளுன்னு. துப்பட்டும், நான் மனசறிஞ்சி பொய் சொல்லலியேன்னு நெனச்சிக்கினு படுப்பேன். இப்ப அதுவும் போச்சி."

நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "இத மேலே அனுப்பப்போறேன். எல்லாம் எழுதியிருக்கேன். அவன் பேரு சுத்தமாயிடும்."

"அனுப்பினா இன்னா ஆவும்?"

"திரும்ப விசாரிப்பாங்க. என்னை வேலய விட்டு எடுப்பாங்க, ஜெயில்ல போட்டாலும் போடட்டும்."

"அது உங்களுக்கு. எனக்கு?"

மூன்று மணி நேரம் நடந்த வழியில் நான் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

"நான் வெச்ச ரேக பொய்யின்னு ஆவும். பொய் ரேக வெச்சவள வேலயில வெச்சிருப்பாங்களா சார்?"

"தெரியலம்மா."

"தெரியல இல்ல? அப்ப கிழிங்க."

"அர்ச்சுனன் பேரு…"

"அவுரு பேர வெச்சி நான் உலை வெக்க முடியுமா?" என்று அவள் கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு எழுந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பச்சையம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருபது நாளா வாய மூடிக்கினு இருந்தீங்களே, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா? எனக்குத் தெரியாமயே நான் செத்துப் போயிருப்பேனே. உங்க மனசு ஆறணும்னு எங்கிட்ட வந்து கொட்டிட்டீங்க. நான் யாருகிட்டப் போய்க் கொட்டுவேன், சொல்லுங்க."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையோடு சேர்த்து நாலாகக் கிழித்து, உரலுக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டாள். அட்டை தடிப்பு, பற்றிக்கொள்ள நேரம் எடுத்தது. இரண்டு பேரும் அது கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். நான் போட்டிருந்த பேண்ட்டையும் ஷூவையும் பார்த்துவிட்டு, "யாரு பச்சையம்மா, ஆபீசு ஆளா?" என்று கேட்டாள்.

"ஆமா பாஞ்சாலக்கா. அவரு கூட வேல செஞ்ச சாரு."

பாஞ்சாலை விறகை இறக்கவில்லை. என்னையே நேராகப் பார்த்துக் கேட்டாள். "ஏன் சார், எங்க அர்ச்சுனன் வெடி வெக்கிற நாள்ல தொடமாட்டானே. இவ மட்டும் குடிச்சான் குடிச்சான்றாளே. நீங்க கூட இருந்தவருதானே, நீங்க சொல்லுங்க. மெய்யாலுமே குடிச்சானா?"

அன்றைக்கு நான் மலையிலேயே இல்லை. அது பச்சையம்மாவுக்குத் தெரியும். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள். "நீங்கதான் பாத்தீங்களே."

"ஆமாம்மா" என்றேன் பாஞ்சாலையிடம். "குடிச்சிட்டுதான் வந்தான். நான் பாத்தேன்."